கார்டைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள்

"எந்த கார்டு வாங்கலாமுங்க?" என்று கோவை காந்திபுரத்துக் கடையில் போய் நின்று கேட்டால், அன்றைக்கு ரேக்கில் எது இருக்கிறதோ அதுதான் பதிலாக வரும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. உங்கள் பெட்டிக்குள் என்ன எஸ்எம்பிஎஸ் இருக்கிறது, மானிட்டர் எது, பையன் விளையாடுவது வேலரண்ட்டா ஜிடிஏவா என்றெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வி பட்ஜெட். இருபதாயிரம் என்பீர்கள். அந்த இருபதாயிரமும் கார்டுக்கே உரியதல்ல என்பதை வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போனால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

குறை கார்டில்தானா?

கேமை ஓடவிட்டு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் ஜிபியு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று தெரியும். 95-க்கு மேலேயே நின்றால் கார்டுதான் திணறுகிறது. ஜிபியு 50, 60-ல் சும்மா கிடக்க, படம் மட்டும் விட்டு விட்டு ஓடினால் ப்ராசஸரோ ரேமோ காரணம். புதுக் கார்டு போட்டாலும் அதே திக்கல் இருக்கும். 8 ஜிபி ரேம் ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் முதலில் இன்னொரு 8 ஜிபி போட்டுப் பாருங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால், டிடிஆர்4 ஸ்டிக்கை செகண்ட் ஹேண்டில் தேடுவதில் தப்பில்லை.

வேலரண்ட், சிஎஸ்2 மாதிரி ஆட்டங்கள் ப்ராசஸரைத்தான் அதிகம் கேட்கும். மானிட்டரும் 60 ஹெர்ட்ஸ் என்றால், கார்டு 200 ஃப்ரேம் துப்பினாலும் திரையில் வருவது நொடிக்கு 60 தான். அந்த வீட்டுக்கு இப்போதைக்குக் கார்டே தேவைப்படாமல் போகலாம்.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். கீழே கட்டம் கட்டமாக உள்ள அட்டவணையில் +12 வோல்ட் என்ற இடத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்றிருந்தால், 12-ஐ 16-ஆல் பெருக்க வருவது 192 வாட். கார்டும் ப்ராசஸரும் பெரும்பாலும் தின்பது இந்த 12 வோல்ட் லைனில்தான். ஆக 450 என்று விற்ற டப்பாவில் உங்களுக்கு உருப்படியாகக் கிடைப்பது 192. 12வி1, 12வி2 என்று இரண்டு கட்டம் இருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். சேர்த்து எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும், அதுதான் கணக்கு.

இப்போது தேவையைப் பார்ப்போம். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட் இழுக்கும். ப்ராசஸருக்கு 100 வாட், போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாவற்றுக்குமாக 50 என்று வைத்தால் 280-ஐத் தாண்டுகிறது. அந்த 192-ல் இது அடங்காது. அந்தக் கார்டுக்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று ஏஎம்டியே சொல்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060-க்கு என்விடியா 550 கேட்கிறது. 80 ப்ளஸ் முத்திரையுள்ள நல்ல 550 வாட் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த கார்டுக்கும் அதுவே போதும்.

நம் பக்கத்தில் இதைக் கூடுதலாக வற்புறுத்தக் காரணம் உண்டு. சோமனூர், பல்லடம் மாதிரி தறி ஓடும் ஊர்களிலும், கிணற்று மோட்டார் ஓடும் தோட்டத்து வீடுகளிலும் வோல்டேஜ் ஒரே சீராக நிற்பதில்லை. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். பின்பக்கம் 115/230 என்று சின்னதாகச் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய வகை. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிற வீடாக இருந்தால், கார்டுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்க வேண்டும். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். கரண்ட் போனதும் கேமை சேவ் செய்து மெஷினை அணைக்கத்தான் அது.

"எட்டு பின் வயர் இல்லையா, கன்வர்ட்டர் போட்டுக்கலாம்" என்று சாட்டா வயரிலிருந்து இழுத்துக் கொடுப்பார்கள். சாட்டா பின்னின் 12 வோல்ட் தாங்குதிறன் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். எட்டு பின் வழியாகக் கார்டு 150 வாட் வரை கேட்கலாம். பிளாஸ்டிக் உருகும் வாசனை வந்த பிறகு யோசித்துப் பயனில்லை.

பெட்டி, ஸ்லாட், மானிட்டர்

இங்கே பலரிடம் இருப்பது கம்பெனிகளில் ஓடிக் கழிந்து, புதுப்பித்து விற்கப்பட்ட டெல், ஹெச்பி மெஷின்கள். விலைக்கு நல்ல சாமான்தான். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 240 முதல் 300 வாட் வரையுள்ள எஸ்எம்பிஎஸ். பல மாடல்களில் அதன் வடிவமும் பின்னும் அந்தக் கம்பெனிக்கே உரியவை, கடையில் வாங்கியதை மாட்ட முடியாது. இவற்றுக்குத் தனி வயர் கேட்காத கார்டுதான் ஒரே வழி. மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் அடங்குவதில் இப்போதைக்கு எடுக்கத் தக்கது ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை: 70 வாட், 300 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். இதே பேரில் 8 ஜிபி வகையும் உண்டு. அது 130 வாட், வேகமும் கூடுதல், ஆனால் தனி வயர் கேட்கும். பேர் ஒன்றுதான், ஆள் வேறு. பெட்டி ஒல்லியான மாடல் என்றால் "லோ ப்ரொஃபைல்" என்று கேட்டு வாங்குங்கள்.

கார்டின் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளப்பது ஒரு நிமிட வேலை. மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால், புதுக் கார்டுகளில் அந்த ஓட்டையே கிடையாது. ஹெச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டருக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

இப்போது கார்டு

1080பி திரைக்கு இன்றைக்கு 8 ஜிபி நினைவகத்துக்குக் கீழே புதிதாக வாங்குவதை நான் சொல்ல மாட்டேன், மேலே சொன்ன ஆபீஸ் மெஷின் ஒன்றைத் தவிர. 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலையைக் காட்டி இழுக்கும். அது நான்கு லேனில் மட்டும் ஓடும் கார்டு, பிசிஐஇ 3.0 உள்ள பழைய போர்டில் மாட்டினால் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கும். அதை விட்டுவிடுங்கள்.

ஆர்எக்ஸ் 6600 வந்தது 2021-இல். வயசானாலும் குறைந்த காசுக்கு இன்னும் கை கொடுக்கிறது. கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5050, 5060. குறைந்த தெளிவில் வரைந்த படத்தைக் கூர்மையாக்கி ஃப்ரேமைக் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வசதி இருக்கிறது. எடிட்டிங், பிளெண்டர் என்று படிப்புக்கும் பயன்படுத்துகிற மாணவருக்கு என்விடியாவே வசதி. இன்டெல் ஆர்க் பி580 இதே விலை வட்டத்தில் 12 ஜிபி தருகிறது, கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அது ரீசைஸபிள் பார் வசதி இல்லாத பழைய போர்டில் படுத்துக்கொள்ளும். இன்டெல் பத்தாம் தலைமுறைக்கோ ரைசன் 3000-க்கோ முந்தைய ப்ராசஸர் என்றால் பக்கம் போகவேண்டாம்.

சொல்லும் விலை நியாயமா என்று பார்க்க ஒரு சுருக்கு வழி. 5060 வெளிவந்தபோது அமெரிக்க விலை 299 டாலர். 5050-க்கும் பி580-க்கும் 249. அன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி 18 சதவீதம் ஜிஎஸ்டி சேருங்கள். அதற்கு மேல் ரெண்டு மூன்றாயிரம் கூடினால் சகஜம். இன்னும் ஏறினால் நாலு ஆன்லைன் கடைகளில் விலை பார்த்துவிட்டு, அந்தத் திரையையே கடைக்காரரிடம் காட்டுங்கள். நம் ஊரில் இதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கரண்ட் கணக்கையும் மறக்க வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட், 4060 115 வாட். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் ரெண்டு மாத பில்லில் வித்தியாசம் சுமார் 10 யூனிட். 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடுகளில் அந்தப் பத்து அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளிவிடும்.

செகண்ட் ஹேண்ட்

கோவை மோட்டார் ஊர். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டி இன்னும் பல வருஷம் ஓட்டிப் பழகியவர்களுக்கு "சர்வீஸ் பண்ணின கார்டு" என்பது பயமாகத் தோன்றாது. ஆனால் செத்த சிப்பைச் சூடுகாட்டி எழுப்பிய கார்டு வேறு ரகம். ஒரு வாரம் ஓடும், ஒரு மாதமும் ஓடலாம், பிறகு மறுபடி படுக்கும். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டு என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டியதில்லை. எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது, அவற்றில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் ஃபேனும் பேஸ்ட்டும்தான்.

பேர் மாற்றி விற்கும் கார்டுகளில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லி விற்கும் கார்டின் பின்பக்கம் நீல நிற விஜிஏ ஓட்டை இருந்தால் அது பொய்க் கார்டு. அந்தத் தலைமுறைச் சிப்புக்கு விஜிஏ கொடுக்கும் திறனே கிடையாது. ஆர்எக்ஸ் 580 என்று மலிவாக வருவதை ஜிபியு-இசட் மென்பொருளில் திறந்து ஷேடர் எண்ணிக்கையைப் பாருங்கள். அசல் என்றால் 2304. 2048 என்று காட்டினால் கையில் இருப்பது ஏறக்குறைய 570. 1050 டிஐ, 1060 போன்ற பத்தாம் வரிசைக் கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. சும்மா கொடுத்தால் வாங்கலாம்.

விற்பவர் வீட்டிலேயோ கடையிலேயோ மாட்டி, கார்டைச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் புள்ளியோ கோடோ விழுந்தால், ஃபேன் கரகரத்தால், சூடு 85 டிகிரியைத் தாண்டினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் விலை பேசவே தேவையில்லை.

பில்

"பில்லோட எவ்வளவுங்கண்ணா?"

"ஜிஎஸ்டி பதினெட்டு பர்சன்ட் சேருமுங்க தம்பி. பில் வேண்டாம்னா கொறச்சுத் தர்றனுங்க."

பில் போடச் சொல்லுங்கள். சீரியல் நம்பரை மட்டும் வைத்து வாரன்டி தரும் பிராண்டுகள் உண்டு, பில்லைக் கேட்கும் பிராண்டுகளும் உண்டு. சர்வீஸ் சென்டர் வாசலில்தான் எது என்று தெரியவரும். பில்லில் கார்டின் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும், பெட்டியிலும் கார்டிலும் அதே நம்பர் இருக்க வேண்டும். கம்பெனி பேரில் பில் போட்டு ஜிஎஸ்டியை வரவு வைக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது

பழைய கார்டு வேறு பிராண்டாக இருந்தால் அதன் டிரைவரை டிடியு மென்பொருள் கொண்டு துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கார்டை ஸ்லாட்டில் அழுத்தினால் கிளிப் "டிக்" என்று பூட்டும். அந்தச் சத்தம் கேட்டபிறகு ஸ்க்ரூவை முடுக்குங்கள். மானிட்டர் வயரைக் கார்டில் செருக வேண்டும். போர்டிலேயே விட்டுவிட்டு "கார்டு போட்டும் ஒண்ணும் மாறலீங்க" என்று போன் செய்பவர்கள் நிறையப் பேர்.

திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓடும் கட்டடத்து மாடியிலோ, ஸ்பின்னிங் மில் பக்கத்திலோ வீடு என்றால் பஞ்சுத் தூசி ஹீட்சிங்கில் கம்பளி மாதிரிப் படியும். சாதாரண மண் தூசி போலப் பிரஷ்ஷில் தட்டினால் போகாது. ப்ளோயரால் ஊத வேண்டும், ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயில் தொடங்குவதற்கு முன் ஒருமுறை, அது முடிந்ததும் ஒருமுறை செய்தால் போதும். அட்டைப்பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள். வாரன்டிக்கு அனுப்ப அதுதான் பாதுகாப்பு, விற்கும்போதும் பெட்டியோடு இருக்கும் கார்டுக்கு நாலு காசு கூடக் கிடைக்கும்.