வெளிநாட்டு உதிரிப் பாகத்தின் உண்மை விலை

தராசு காட்டும் பாலின் எடை முழுவதும் ரப்பர் அன்று என்பதைத் தோட்டத் தொழிலாளர்களாகிய நீங்கள் நன்கறிவீர்கள். 100 கிலோ பாலில் உலர்ந்த ரப்பர் 30 முதல் 40 கிலோ வரையே தேறும். வெளிநாட்டிலிருந்து கார் உதிரிப் பாகம் தருவிப்பதிலும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. அங்கே எடை குறையும். இங்கே விலை கூடும்.

ஜாசின், மெர்லிமாவ், ஆசகான் வட்டாரங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளியை மருத்துவமனைக்கும் கொண்டு செல்லப் பழைய கார் ஒன்றையே நம்பியிருக்கும் குடும்பங்கள் உள்ளன. பட்டறையில் கிடைக்காத பாகத்தைக் கைப்பேசி வழியாக வெளிநாட்டிலிருந்து வாங்கச் சிலர் முற்படுகின்றனர். திரையில் காணும் விலைக்கு மட்டும் பணம் ஒதுக்கினால், பொதி வந்தபின் எஞ்சிய தொகைக்குக் கடன் வாங்க நேரிடும். எனவே கணக்கை முன்னரே போட்டுப் பார்ப்போம்.

ஜப்பானில் 20,000 யென் விலையுள்ள ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக அமைய, 100 யென்னுக்கு 3 வெள்ளி எனவும், தீர்வை 25 விழுக்காடு எனவும் கொள்வோம்.

பாகத்தின் விலை: 600 வெள்ளி
அனுப்புச் செலவு: 180 வெள்ளி
காப்புறுதி: 20 வெள்ளி
இம்மூன்றின் கூட்டுத்தொகை: 800 வெள்ளி
இறக்குமதித் தீர்வை, 800இல் 25 விழுக்காடு: 200 வெள்ளி
விற்பனை வரி, 1,000இல் 10 விழுக்காடு: 100 வெள்ளி
விரைவஞ்சல் நிறுவனத்தின் சேவைக் கட்டணம்: 50 வெள்ளி
ஆக மொத்தம்: 1,150 வெள்ளி

இதில் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். தீர்வை, பாகத்தின் விலைமீது மட்டுமன்றி அனுப்புச் செலவும் காப்புறுதியும் சேர்ந்த தொகைமீது விதிக்கப்படுகிறது. விற்பனை வரியோ அத்தீர்வையையும் சேர்த்த தொகைமீது விதிக்கப்படுகிறது. ஆகவேதான் 600 வெள்ளிப் பொருள் ஏறக்குறைய இரு மடங்காகிறது.

தீர்வை விகிதம் பாகத்திற்குப் பாகம் வேறுபடும். ஆசியான் நாடுகளில் உற்பத்தியான பொருளுக்கு உரிய பிறப்பிடச் சான்றிதழ் இருப்பின் தீர்வை குறையலாம். 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்குத் தீர்வை விலக்கு உண்டு. எனினும் இணையவழி வாங்கும் அத்தகைய பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

"விலையைக் குறைத்து எழுதி அனுப்புகிறோம்" என்று விற்பனையாளர் கூறினால் இணங்காதீர்கள். பொய்யான அறிவிப்பு 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி குற்றமாகும். பொதி தொலைந்தால் குறைத்து எழுதிய தொகைக்கு மேல் இழப்பீடு கேட்பதும் அரிது.

பணம் செலுத்துமுன் மூன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். பாகத்தின் எண் உங்கள் காருக்குப் பொருந்துகிறதா? தீர்வை எவ்வளவு, அனுமதி தேவையா என்று சுங்கத்துறையிடம் கேட்டீர்களா? உள்நாட்டில் அப்பாகம் கிடைக்காதா? 1985 முதல் புரோட்டோன் கார்கள் நம் நாட்டில் உற்பத்தியாகின்றன. நம் மலாக்காவின் அலோர் காஜா பகுதியில் ஹோண்டா தொழிற்சாலை 2003 முதல் இயங்குகிறது. இத்தகைய கார்களின் பாகங்களை முதலில் உள்ளூரிலேயே தேடுவது நலம்.

உள்ளூர் விலை 900 வெள்ளியாயினும், அதனை 600 வெள்ளியோடு ஒப்பிடாது 1,150 வெள்ளியோடு ஒப்பிடுங்கள். வியர்வை சிந்தி ஈட்டிய பணம் வீட்டிற்கே பயன்படட்டும்.