ஏழாம் நாளுக்குள் ஒரு சொட்டு இரத்தம்

குழந்தை பிறந்தவுடன் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாளில் முடி இறக்கி, பெயர் சூட்டி, வசதி உள்ளவர்கள் அகீகா கொடுக்கிறோம். நாற்பது நாள் வரை தாயையும் பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். இவற்றை நம் வீடுகளில் யாரும் நினைவூட்டத் தேவையில்லை. இந்த இதழில் நாம் படிக்க இருப்பது, அதே ஏழு நாட்களுக்குள் முடிக்க வேண்டிய, ஆனால் பல வீடுகளில் யாரும் கேட்காமலே விட்டுவிடுகிற ஒரு காரியத்தைப் பற்றி. பிறந்த குழந்தைக்குச் செய்ய வேண்டிய நோய் கண்டறியும் பரிசோதனைகள்தான் அவை.

"பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குப் பரிசோதனை?" என்று பாட்டிமார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலே இந்தப் பாடம்.

நன்றாகத் தெரிவதும் நன்றாக இருப்பதும்

கழுத்தின் முன்புறம் தைராய்டு என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அதில் சுரக்கும் தைராக்சின்தான் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அடிப்படை. சில குழந்தைகளுக்கு இந்தச் சுரப்பி கருவிலேயே சரியாக உருவாவதில்லை; அல்லது உருவாகியும் சரியாகச் சுரப்பதில்லை. இதைப் பிறவித் தைராய்டு குறைபாடு என்கிறார்கள்.

வயிற்றில் இருக்கும்வரை தாயின் தைராக்சின் ஓரளவு பிள்ளைக்கும் சென்று காப்பாற்றுகிறது. அதனால் பிறக்கும்போது எடை, நிறம், அழுகை எல்லாம் சரியாகவே இருக்கும். தொப்புள்கொடி அறுந்த பிறகுதான் குறை தொடங்குகிறது. அப்போதும் அது நோயாகத் தெரியாது. பிள்ளை அதிகம் தூங்கும், அதிகம் அழாது, பால் குடிக்கும்போதே கண் சொக்கும். "தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியவில்லை" என்று வீட்டில் பெருமையாகப் பேசுவோம். பிறகு மலச்சிக்கல், நீண்டுபோகும் மஞ்சள் காமாலை, புடைத்த தொப்புள், தடித்த நாக்கு என்று அடையாளங்கள் ஒவ்வொன்றாக வரும். அவை கண்ணுக்குத் தெரிவதற்குள் மூளை இழந்ததை முழுவதும் மீட்க முடியாமல் போகலாம்.

இதே குறையை முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால் செய்ய வேண்டியது மிக எளிது. தினமும் ஒரு சிறு தைராக்சின் மாத்திரையைப் பொடித்து, சிறிது தாய்ப்பாலில் கலந்து கொடுப்பதுதான் வைத்தியம். விலை குறைந்த மாத்திரை. அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே நடக்கும், பேசும், பள்ளிக்கும் மதரஸாவுக்கும் போகும். அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை முன்கூட்டியே தடுக்கக்கூடிய காரணங்களில் இது முக்கியமானது.

இது எங்கோ இருக்கும் அபூர்வ நோய் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-ஆம் ஆண்டு தொடங்கி சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 1,100 குழந்தைகளுக்கு ஒன்றில் இந்தக் குறை இருந்தது. தென்னிந்தியாவிலோ அது இன்னும் அதிகம்: 727-க்கு ஒன்று. மாதம் எழுநூறு பிரசவம் பார்க்கும் ஒரு மருத்துவமனையை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே மாதம் ஒரு குழந்தை என்று கணக்கு வருகிறது.

ஒரு தாயின் கேள்வியில் தொடங்கியது

நார்வே நாட்டில் போர்க்னி எகெலண்ட் என்ற தாய்க்கு இரண்டு பிள்ளைகள். இருவருக்குமே அறிவு வளர்ச்சி இல்லை. இருவர் மீதும் ஒரு விசித்திரமான வாடை. மருத்துவர் பலரும் கைவிரித்த பிறகும் "ஏன்?" என்று கேட்பதை அவர் விடவில்லை. 1934-இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தப் பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்து, உணவில் உள்ள ஒரு புரதக்கூறைச் செரிக்க முடியாத பிறவிக் கோளாறு என்று கண்டார். பி.கே.யூ. என்று இன்று அழைக்கப்படும் நோய் அது.

காரணம் தெரிந்தது, ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் காலம் கடந்துவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி, குதிகாலில் எடுத்த சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, அதைக் கொண்டே இந்நோயைக் கண்டறியும் வழியை உருவாக்கினார். அடுத்த பத்தாண்டில் கனடாவின் கியூபெக்கில் ழான் டுசோ, அதே உலர்ந்த சொட்டிலிருந்து தைராய்டு குறைபாட்டையும் கண்டறிந்து காட்டினார். இன்று பல நாடுகளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது கட்டாயம். நம் நாட்டில் இன்னும் எல்லா மருத்துவமனைகளிலும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே கேட்க வேண்டியது பெற்றோராகிய நம் பொறுப்பாகிறது.

கேட்க வேண்டிய பரிசோதனைகள்

ஒன்று, குதிகால் இரத்தப் பரிசோதனை. பிறந்து 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. சில மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்திலேயே தைராய்டைப் பார்த்துவிடுவார்கள், அதுவும் ஏற்கத்தக்கதே. முதல் 24 மணி நேரத்துக்குள் குதிகாலில் எடுத்தால் முடிவு தவறாக வரக்கூடும். சீக்கிரம் வீடு திரும்பிவிட்டால், மூன்றாம் நான்காம் நாளில் மீண்டும் போய் எடுத்துவிடுங்கள். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் இன்னொரு முறை எடுக்க வேண்டும்.

இதே சொட்டில் வேறு இரண்டு குறைகளையும் பார்க்கலாம். அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறு அவற்றில் ஒன்று. இதில் உடலின் உப்பு வெளியேறி, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாந்தி, எடை குறைதல், மயக்கம் என்று திடீரென உயிருக்கே ஆபத்து வரும். பெண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பின் அமைப்பில் மாற்றம் தெரியலாம். ஆண் குழந்தைக்கோ வெளியே எதுவும் தெரியாது. சாதாரண வயிற்றுப்போக்கு என்று நினைத்து இழந்துவிட நேரும். கண்டுபிடித்தால் மருந்து உண்டு. மற்றொன்று ஜி6பிடி குறைபாடு. இது உள்ள பிள்ளைக்குச் சில மருந்துகளும், பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் ஆகாது. சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான காமாலை வரும். பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணியில் எந்தப் பச்சிளம் பிள்ளையையும் சுற்றாதீர்கள்.

இரண்டு, இதயப் பரிசோதனை. கொரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர் கருவியேதான். பிறந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு குழந்தையின் வலது கையிலும் ஒரு காலிலும் வைத்துப் பார்ப்பார்கள். ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே இருந்தாலோ, கைக்கும் காலுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி பார்த்து, தேவையானால் எக்கோ எடுப்பார்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கிறது. அவற்றில் சில, கருவில் திறந்திருந்த இரத்தக்குழாய் மூடும் முதல் சில நாட்களில்தான் உயிரைப் பறிக்கும் நிலைக்குப் போகும்.

மூன்று, செவித்திறன் பரிசோதனை. குழந்தை தூங்கும்போது காதில் ஒரு சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம், வலி இல்லை. இதற்கு ஒன்று, மூன்று, ஆறு என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. "கதவு தட்டினால் திரும்புகிறானே" என்று விட்டுவிடாதீர்கள். அதிர்வையும் நிழலையும் கண்டும் பிள்ளை திரும்பும். காது கேளாத பிள்ளை பேசாமல் போவது, பேச்சைக் கேட்காததால்தான். காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. ஆனால் அதற்கு வயது வரம்பும் உண்டு.

நான்கு, குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை இரண்டு கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தாலோ, முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே பார்ப்பார்கள். நாற்பது முடியட்டும் என்று காத்திருக்க இதில் இடமில்லை. நாற்பது நாள் ஓய்வு தாய்க்கு நல்லதே. பிள்ளையின் சிகிச்சைக்கு அது தடையாகக் கூடாது.

சோதனை எடுத்தால் போதாது, முடிவு கைக்கு வர வேண்டும்

இந்தப் பாடத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நம் வழக்கப்படி முதல் பிரசவம் தாய் வீட்டில். மகளின் புகுந்த வீடு விழுப்புரத்தில் இருக்கும், பிரசவம் திண்டிவனத்தில் நடக்கும். மருத்துவமனைச் சீட்டில் எழுதிய கைபேசி எண் வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவருடையதாக இருக்கும். ஆய்வகத்திலிருந்து "உடனே வாருங்கள்" என்று அழைப்பு வந்தால் எடுக்க ஆள் இருக்காது. அழைப்பு வராததால் எல்லாம் சரி என்று வீட்டில் நினைத்துக்கொள்வோம்.

ஆகவே, நாற்பது நாளும் தாயுடனேயே இருக்கப்போகிறவர் எண்ணைக் கொடுங்கள். இன்னொரு எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். முடிவு எப்போது வரும் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அழைப்பு வராவிட்டாலும் அந்த நாளில் நீங்களே போய்த் தாளை வாங்கி, தடுப்பூசி அட்டையுடன் பத்திரப்படுத்துங்கள்.

முடிவில் அளவு கூடுதல் என்று வந்தால் பதற வேண்டாம்; பிள்ளைக்கு நோய் என்று அது முடிவாகச் சொல்வதில்லை. உறுதி செய்ய நரம்பில் இரத்தம் எடுத்து மறுபடி பார்ப்பார்கள். பல குழந்தைகளுக்கு அதில் சரியாகவே வரும். ஆனால் அந்த மறு சோதனையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். நோய் உறுதியானால் மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. "பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறதே" என்றால், அது மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறது.

யார் குற்றமும் அல்ல

இப்படி ஒரு குறை தெரிந்தால் வீட்டில் முதலில் விழும் சொல் மருமகள் மேல்தான். தைராய்டு குறைபாடு பெரும்பாலும் எந்தப் பரம்பரையும் இல்லாமல் வருவது. தாய் சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ, யாருடைய கண்ணேறாலோ வருவதல்ல. அட்ரினல் கோளாறு, பிறவிச் செவிட்டுத்தன்மையில் ஒரு பகுதி போன்றவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை மரபணு வந்து சேரும்போது வருகின்றன. அதில் இருவர் பங்கும் சமம். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுகிறது. அவர்கள் கர்ப்ப காலத்திலேயே மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. மூத்த பிள்ளைக்கு இப்படி ஒரு நோய் இருந்தாலோ, காரணம் தெரியாமல் ஒரு கைக்குழந்தை இறந்திருந்தாலோ, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்கே கேட்பது?

பிறவிக் குறைகளைக் கண்டறிந்து சிகிச்சை தர, ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டம் 2013 முதல் நாடெங்கும் நடக்கிறது. பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இது இலவசம். பிரசவம் நடக்கும் அரசு மருத்துவமனையிலும், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் கேட்கலாம். மேல் சிகிச்சைக்கு மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். நம் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கு மேலும் தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மரும், சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் 104 எண்ணில் கேளுங்கள். அவசரம் என்றால் 108.

தனியாரில் பிரசவம் என்றால், சேரும்போதே "குழந்தைக்கு என்னென்ன பரிசோதனை செய்வீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். ஐம்பது நோய்களுக்குச் சேர்த்துப் பார்க்கும் பெரிய தொகுப்புக்குக் கட்டணம் அதிகம். கையில் பணம் குறைவென்றால் முதலில் தைராய்டு சோதனையை மட்டுமாவது செய்துகொள்ளுங்கள். அகீகாவுக்கு ஆடு, அரிசி, அழைப்பு என்று பட்டியல் எழுதும் தாளிலேயே இதையும் முதல் வரியாக எழுதலாம். பக்கத்து வீட்டில் பணம் இல்லாமல் இது நின்றுபோகும் என்று தெரிந்தால், அதற்கு உதவுவதும் நல்ல ஸதகாவே.

வீட்டில் கலந்து பேச

1. நம் வீட்டில் அடுத்த பிரசவம் எந்த மருத்துவமனையில்? அங்கே குதிகால் இரத்தம், இதயம், காது ஆகிய மூன்றையும் பார்ப்பார்களா?

2. மருத்துவமனையில் யாருடைய எண்ணைக் கொடுப்போம்? முடிவை வாங்கி வரும் பொறுப்பு யாருடையது?

3. நம் குடும்பத்தில் காது கேளாதவர், சிறுவயதிலேயே இறந்தவர் உண்டா? மருத்துவரிடம் சொல்லியிருக்கிறோமா?

4. பதினான்கு நாளைத் தாண்டியும் காமாலை இருந்தாலோ, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தாலோ, வெயிலில் காட்டிக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?

பிள்ளை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். கண்ணுக்குத் தெரிகிற நோயைப் பார்ப்பதோடு அந்தப் பொறுப்பு முடிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததையும் காலத்தோடு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகளை வல்ல அல்லாஹ் நலமாகக் காப்பானாக. ஆமீன்.