கொடைக்கானலில் மூன்று நாள் தியானம்: கல்லூரி மாணவர் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

கத்தோலிக்க மாணவர் குழுக்கள் பலவும் ஆண்டுக்கொரு முறை தியானத்துக்கென்று கொடைக்கானல் ஏறுகின்றன. வெள்ளி இரவு பாட்டும் ஆட்டமும், சனி முழுக்கத் தூண்பாறையும் ஏரிப் படகும், ஞாயிறு காலை அவசரமாக ஒரு திருப்பலி, இறங்கும் வழியில் சாக்லேட் கடை. பிள்ளைகள் மகிழ்ச்சியாகத்தான் திரும்புகிறார்கள். ஆனால் திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும்போது கையில் எதுவும் இருப்பதில்லை. குழுச் செயலராகவோ வழிகாட்டியாகவோ இருந்து இந்த ஆண்டு அந்த மூன்று நாளை உருப்படியாக நடத்த விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை கல்லூரியிலேயே

திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். மலையிலிருந்து இறங்கி ஒரு மாதம் கழித்து இந்த மாணவர்கள் யாரோடு சேர்ந்து செபிப்பார்கள் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். பதில் இல்லாவிட்டால் பேருந்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

பதில் சிறு குழுக்களில்தான் இருக்கிறது. 1529இல் பாரிசின் புனித பார்பரா கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்த மூவர் பீட்டர் ஃபேபர், பிரான்சிஸ் சவேரியார், அவர்களைவிட வயதில் மூத்த இஞ்ஞாசியார். அந்த அறை நட்பு வளர்ந்து, 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ர் குன்றில் ஏழு மாணவர்கள் ஒன்றாக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். எட்டே ஆண்டுகளில் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கரையில் தமிழில் மந்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். விடுதி அறையில் தொடங்குவதை யாரும் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

எனவே புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே ஆறு அல்லது ஏழு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். அவர்களாகவே சேரட்டும் என்று விட்டால் ஒரே ஊர், ஒரே பங்கு, வெளியே சொல்லாவிட்டாலும் ஒரே சாதி என்று சேர்ந்துவிடும். சீட்டுப் போட்டுப் பிரிப்பதே நல்லது. நம் திருச்சபையில் இந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. கல்லூரிக் குழுவிலாவது அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. மொத்தம் முப்பது பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் அருள்தந்தையால் ஒவ்வொருவரிடமும் தனியே பேச முடியாது.

எப்போது, எப்படி ஏறுவது

ஏப்ரல், மே சீசன் கூட்டத்தில் மலையில் அமைதி கிடைக்காது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மலைப்பாதையில் மண் சரியும். நான் பரிந்துரைப்பது தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு வரும் வாரக் கடைசி. அது பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஞாயிற்றின் நற்செய்தி வாசகமே இயேசு மலையில் உருமாறியது. மூன்று நாளுக்குமான பொருளைத் திருவழிபாடே எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

இடத்துக்கு விடுதிகளைத் தேடாதீர்கள். கொடைக்கானலிலும் செண்பகனூரிலும் துறவற சபைகளின் இல்லங்கள் பல உண்டு. சிற்றாலயமும் தோட்டமும் உள்ள ஒன்றை மூன்று மாதம் முன்பே கடிதம் எழுதிக் கேளுங்கள். தனி வாகனத்தில் வந்தால், உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அரசுப் பேருந்தில் வருவோருக்கு அது தேவையில்லை. வத்தலக்குண்டு வரை ஒரு பேருந்து, அங்கிருந்து மலைக்கு இன்னொன்று என்று வருவது செலவையும் குறைக்கும். மலை ஏறுமுன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். வளைவுகளில் பாதிப் பேருக்குக் குமட்டும். ஏறக்குறைய 7,000 அடி உயரம் என்பதால் இரவுக் குளிர் கடுமை. சமவெளிப் பிள்ளைகள் பலரிடம் ஸ்வெட்டரே இருக்காது. பங்கில் கேட்டு முன்பே திரட்டி வையுங்கள். சிறு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை இருப்பதால் எல்லோரும் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரட்டும்.

பணம் வசூலிக்கும் முறையில் கவனம் வேண்டும். எல்லோருக்கும் ஒரே தொகை என்று அறிவித்தால், கட்ட முடியாதவர் அன்று காய்ச்சல் என்று சொல்லி வராமல் இருந்துவிடுவார். மொத்தச் செலவைச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு உறை கொடுங்கள், முடிந்ததை உள்ளே வைத்து மூடித் தரட்டும். பெயர் எழுத வேண்டாம். குறைவதைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையிடம் கேட்கலாம். அந்தச் சபையை 1833இல் தொடங்கிய ஓசானாமும் அப்போது இருபது வயதுக் கல்லூரி மாணவர்தான்.

பெற்றோரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாணவிகளோடு ஒரு சிஸ்டரோ பேராசிரியையோ கட்டாயம் இருக்க வேண்டும். ஒப்புரவு அருட்சாதனமும் தனி ஆலோசனையும் பிறர் கண்ணில் படும் இடத்தில், பேச்சு காதில் விழாத தொலைவில் நடக்கட்டும். இந்து, இசுலாமிய நண்பர்கள் வர விரும்பினால் அன்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இது கத்தோலிக்கத் தியானம் என்பதை அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வழிபாட்டில் கலந்துகொள்வது அவர்கள் விருப்பம்.

வெள்ளி மாலை

இரவு உணவுக்கு முன் செல்போன்களை ஒரு பெட்டியில் வாங்கி வைத்துவிடலாம். வீட்டுக்குப் பேச ஒரு பொது எண்ணை மட்டும் பெற்றோருக்குக் கொடுத்துவிடுங்கள். முதல் இரவு நீண்ட உரை வேண்டாம், களைத்திருப்பார்கள். விவிலியத்தில் அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். புயலிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் காணாத கடவுளை எலியா எங்கே கண்டார் என்பதைக் கேட்டுவிட்டு அப்படியே உறங்கப் போகலாம்.

சனிக்கிழமை: இந்த நாளில் எதையும் குறைக்காதீர்கள்

காலை ஆறு முதல் பகல் ஒன்று வரை முழு மௌனம். காலை உணவும் மௌனத்திலேயே. முதல் ஒரு மணி நேரம் சிரிப்பு வரும், இரண்டாவது மணியில் சலிப்பு வரும். அதன் பிறகு சிலருக்கு அழுகை வரும். வழிகாட்டிகள் இதைக் கண்டு பதறி உடனே பாட்டு போட்டுவிடுகிறார்கள். பதற வேண்டாம். மதிப்பெண் பயம், அப்பாவின் குடி, விட்டுப்போன காதல், நம்பிக்கையே போய்விட்டதோ என்ற ஐயம் எல்லாம் மேலே வரும் நேரம் அது. அருள்தந்தையும் சிஸ்டரும் தோட்டத்தில் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதும். பேச வேண்டியவர் தாமாக வருவார். ஒருவர் பேச்சில் உயிரை விடும் எண்ணம் தெரிந்தால் செபத்தோடு நிறுத்தாமல் அன்றே வீட்டாருக்குச் சொல்லி மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

பகல் உணவுக்குப் பின் இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனையைக் கற்றுக்கொடுங்கள். விடுதிக் கட்டிலில் உட்கார்ந்தபடி பத்து நிமிடத்தில் செய்யக்கூடியது. அதனால்தான் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான செபம் எனக்குத் தெரியவில்லை. முதலில் இன்று கிடைத்த ஒன்றுக்குப் பெயர் சொல்லி நன்றி. இரண்டாவது, நாளைச் சரியாகப் பார்க்கத் தூய ஆவியின் ஒளி வேண்டுதல். மூன்றாவது, காலையிலிருந்து ஒவ்வொரு மணியாக ஓட்டிப் பார்த்து, எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது என்று கவனித்தல். நான்காவது, தவறியதற்கு மன்னிப்பு. ஐந்தாவது, நாளை செய்யவேண்டிய ஒன்றே ஒன்று. மூன்றாவது படிக்குப் பாதி நேரம் போகட்டும். பாவங்களை எண்ணும் கணக்காக இது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் இருவர் இருவராக நடந்து சலேத் அன்னை ஆலயம் போகலாம். 1866இல் எழுந்த கோவில் அது. பிரெஞ்சு மலைநாட்டுச் சலேத்தில் 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்த்த இரண்டு சிறார் அழுதுகொண்டிருந்த மாதாவைக் கண்டார்கள். கெட்டுப்போன கோதுமையையும் அழுகிய உருளைக்கிழங்கையும் பற்றிக்கூட மாதா பேசியதாக அவர்கள் சொன்னார்கள். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் கிழங்கும் பூண்டும் விளைவிக்கும் விவசாயிக்கு இது புரியும். செபமாலையை அங்கே சொல்லுங்கள்.

இரவில் பேச ஒரு பொருள் இந்த ஊரிலேயே இருக்கிறது. இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளிவந்தபின், 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆயிற்று. பார், சீர்தூக்கு, செயல்படு என்று கர்தினால் கார்டைன் காட்டிய வழியில் இதை அலசுங்கள். திருத்தந்தை பிரான்சிசின் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடல் சுற்றுச்சூழலைப் பற்றிச் சொல்வது என்ன என்பதை ஒரு மாணவர் முன்பே படித்து வந்து பத்து நிமிடம் பேசட்டும். 1924இல் தொடங்கிய ஐக்கஃப் என்ற கத்தோலிக்கக் கல்லூரி மாணவர் இயக்கமும், அதன் தேசிய வழிகாட்டியாகப் பல்லாண்டு இருந்த தந்தை பியர் செராக்கும் மாணவருக்குக் காட்டியது இதைத்தான்: செபித்தவர் ஏழையின் தெருவுக்கும் போக வேண்டும்.

ஞாயிறு

திருப்பலியில் வாசகம், மன்றாட்டு, பாடல் எல்லாம் மாணவர் பொறுப்பு. பேதுரு மலையிலேயே கூடாரம் போடக் கேட்டதையும், கீழே நோயுற்ற ஒரு சிறுவன் காத்திருந்ததையும் மறையுரையில் சேர்த்துச் சொல்லும்படி அருள்தந்தையிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். துரினில் சுரங்கப் பொறியியல் படித்த பியர் ஜோர்ஜோ ஃபிரசாத்தியின் கதையும் அன்றைக்குப் பொருந்தும். விடுமுறையில் ஆல்ப்ஸ் மலை ஏறியவர், மற்ற நாளில் ஏழைகளின் வீட்டுப் படி ஏறியவர். 1925இல் 24 வயதில் இறந்தார், 2025 செப்டம்பர் 7 அன்று புனிதரானார்.

திருப்பலி முடிந்ததும் ஒவ்வொரு சிறு குழுவும் உட்கார்ந்து மூன்றை முடிவு செய்து தாளில் எழுத வேண்டும்: வாரத்தில் எந்த நாள், எந்த மணி, எந்த இடம். எழுதாமல் பேருந்து ஏறாதீர்கள்.

இறங்கிய பின்

வாரக் கூட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வருகிற ஞாயிற்றின் நற்செய்தியை வாசித்து ஐந்து நிமிட மௌனம், பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம் பேச்சு. ஒருவர் பேசும்போது மற்றவர் அறிவுரை சொல்லக் கூடாது. முடிவில் அந்த வாரம் யாரைப் போய்ப் பார்ப்பது என்று தீர்மானியுங்கள்: தேர்வில் தோற்று அறையிலேயே கிடக்கும் நண்பன், கல்லூரி உணவகத்தில் பாத்திரம் கழுவும் அக்கா, பங்கில் தனித்திருக்கும் முதியவர். மாதம் ஒரு ஞாயிறு குழுவாகப் பக்கத்துப் பங்குக்குப் போய், மறைக்கல்வி வகுப்போ அன்பியமோ எதில் ஆள் தேவை என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

கல்லூரிக் குழுக்கள் பெரும்பாலும் சாவது ஏப்ரலில். இறுதியாண்டு மாணவர் தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், சூனில் வரும் புது மாணவருக்குக் குழு இருப்பதே தெரியாது. ஆகவே உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்பே ஒவ்வொரு சிறு குழுவிலும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைப் பொறுப்பாளராக்கி, கூட்டத்தை அவரே நடத்தட்டும் என்று மூத்தவர்கள் ஓரமாக உட்காருங்கள். புது மாணவர் விடுதியில் சேரும் முதல் வாரத்தில் அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொடுக்க யார் யார் நிற்பது என்ற பட்டியலும் அதே நாளில் தயாராகிவிட வேண்டும்.