ஜப்பானியர் "ஆம்" என்றால் சம்மதமா?



டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் வேலை தேடிப் போகும் இடம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்தான். ஒரகடத்தில் பிரான்சின் ரெனோவும் ஜப்பானின் நிஸானும் சேர்ந்து 2010-இல் ஒரே கார் தொழிற்சாலையைத் தொடங்கின. பக்கத்து மறைமலைநகரில் அமெரிக்காவின் ஃபோர்டு 2022 வரை கார் தயாரித்தது. மேலைநாட்டார் பேசும் முறை வேறு, ஜப்பானியர் பேசும் முறை வேறு.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1976-இல் இதை ஒரு நூலில் விளக்கினார். சில சமூகங்களில் செய்தி முழுவதும் சொல்லிலேயே இருக்கும். வேறு சிலவற்றில் பாதிதான் சொல்லில். மீதியை இடம், உறவு, மௌனம் இவற்றைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கர் முதல் வகை, ஜப்பானியர் இரண்டாம் வகை.

அமெரிக்கர் முடியாது என்றால் "நோ" என்றே சொல்லிவிடுவார். ஜப்பானியர் "அது கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்திவிடுவார். அவ்வளவுதான், மறுத்துவிட்டார்! நாம் பேசப் பேச "ஹை, ஹை" என்பார். அகராதியில் அதற்கு "ஆம்" என்று பொருள். ஆனால் அந்த இடத்தில் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றுதான் அர்த்தம். கதை கேட்கும்போது நாம் "ம்" கொட்டுகிறோமே, அதேதான். அதைச் சம்மதம் என்று நம்பி ஏமாந்த மேலைநாட்டு வியாபாரிகள் உண்டு.

எனக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பனவடலிசத்திரத்தில் பெண் கேட்டு வந்தவர்களிடம் யாரும் "தரமாட்டோம்" என்பதில்லை. "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்பார்கள். வந்தவர்களுக்கும் விளங்கிவிடும். "சாப்பிடலையா?" என்றால் நாம் "ஆமா, சாப்பிடலை" என்கிறோம். ஜப்பானியரும் "ஹை" என்றுதான் தொடங்குவார். ஆங்கிலத்தில்தான் "நோ" சொல்ல வேண்டும். இன்டர்வியூவில் நம்ம பையன்கள் தடுமாறுவது இங்கேதான்.

அதற்காக ஜப்பானியக் கம்பெனியில் பூசி மெழுகிப் பிழைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைத்தளத்தில் அவர்களுக்கு "ஹோரென்சோ" என்று ஒரு வழக்கம்: ஹோகோகு, ரென்ராகு, சோதான். அதாவது நடந்ததை அறிக்கையாகச் சொல், தகவல் கொடு, கலந்து பேசு. (ஒரு கீரைக்கும் இதே பெயராம், மறக்காது!) டொயோட்டா முறையில் பழுதைக் கண்ட சாதாரணத் தொழிலாளியே கயிற்றை இழுத்து மேற்பார்வையாளரைக் கூப்பிடலாம். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் லைனே நிற்கும்.

நமக்குக் கஷ்டம் இந்த இடத்தில்தான். என் அப்பா விசைத்தறிக்குப் போகிறவர். "சரிங்க மொதலாளி" தவிர அவர் வேறு பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கும் அதுதான் நாக்கில் நிற்கிறது. புரியாத டிராயிங்கைக் காட்டி "புரிஞ்சுதா?" என்றால் தலை தானாக ஆடுகிறது. அந்தத் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று அமெரிக்கருக்கும் தெரியாது, ஜப்பானியருக்கும் தெரியாது. அளவு தப்பிய பொருள்தான் வெளியே வரும்.

"புரியவில்லை" என்பதற்கு ஜப்பானிய மொழியில் "வகாரிமாசென்". மேற்கொண்டு படிக்க விரும்புவோருக்குச் சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் வகுப்புகள் உண்டு.