நஞ்சு முன்கழலல்

தமிழாசிரியன் மகப்பேற்று மருத்துவம் எழுதப் புகுவதேன் என அன்பர் சிலர் வினவக்கூடும். சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். கருவிலுள்ள மகவுக்கு உணவும் பிராணவாயுவும் ஊட்டும் உறுப்பை மக்கள் ‘நஞ்சு’ என்பர். நம் பாடநூல்கள் ‘சூல்வித்தகம்’ என்னும். ஊட்டுவதற்கு நஞ்செனப் பெயரிட்டது முரணாகத் தோன்றும். மகவு பிறந்த பின்னும் அஃது உள்ளே தங்கின் தாயுயிருக்கு ஊறு விளையும். அதனாலேதான் முன்னோர் அவ்வாறு அழைத்தனர் போலும்.

மகவுக்குப் பின் நஞ்சு வெளிவருவதே இயற்கை. மகவு பிறக்குமுன்னரே அது கருப்பைச் சுவரினின்று கழன்றுவிடுவதே ஈண்டு நாம் ஆராயும் நோய். நூறு கருப்பங்களில் ஏறத்தாழ ஒன்றில் இது நிகழும். கழன்ற இடத்திற் குருதி தேங்கும். அத்தேக்கம் எஞ்சிய பகுதியையும் கழற்றும். மகவுக்குப் பிராணவாயு குன்றும்.

1775ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் ரிக்பி, பேற்றுக்கு முந்திய குருதிப்பெருக்கை இருவகையாகப் பிரித்துக் காட்டினார். நஞ்சு கருப்பையின் வாயிலை மறைத்து அமைந்தமையால் வருவது ஒன்று. உரிய இடத்திலிருந்த நஞ்சு கழல்வதால் வருவது மற்றொன்று. முன்னதிற் பெரும்பாலும் நோவில்லை. பின்னதில் வயிற்றிலோ முதுகிலோ கடுநோவு தோன்றும். வயிறு பலகைபோல் இறுகும். மகவின் அசைவு குறையும்.

இங்கு ஒன்றை அழுத்திக் கூறல் வேண்டும். கழன்ற நஞ்சின் பின்னே குருதி மறைந்து தேங்குவதுண்டு. புடவையிற் கண்ட கறை சிறிதாயினும், ஏன், ஒரு துளியும் காணாவிடினும், தாய் மயங்கி வீழக்கூடும். ‘கொஞ்சந்தானே, விடியட்டும் பார்ப்போம்’ என்னும் வீட்டார் பேச்சே இந்நோயிற் பெருங்கேடு. மருதமுனையாயினும் பாண்டிருப்பாயினும் சாய்ந்தமருதாயினும் கல்முனை வைத்தியசாலைகள் தொலைவில் இல்லை. வாகனம் இல்லாதார் 1990 என்னும் இலக்கத்தை அழைப்பின் கட்டணமின்றி நோயாளர் வண்டி வரும்.

காரணங்களுள் தலையாயது உயர் குருதியமுக்கம். வயிற்றில் விழும் அடி, புகைத்தல், முன்னைய கருப்பத்தில் இந்நோய் வந்தமை என்பனவும் உள. (அடிகள் யாவும் தற்செயலானவை அல்ல என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று.) காரணம் புலப்படாமலும் வருமாதலின் தாயைப் பழித்தல் தகாது. கிளினிக்கிற் குருதியமுக்கம் அளப்பது வெறுஞ்சடங்கன்று. 1926இற் களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி தொடங்கியபின், பயிற்சி பெற்ற மருத்துவமாதர் படிப்படியாக ஊர்தோறும் சென்றனர். 1930களின் நடுவில் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மாரை இழந்த இலங்கை, அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 30 பேரையே இழந்துள்ளது.

கழன்ற நஞ்சை மீள ஒட்டவைக்கும் மருந்து இல்லை. நோய் சிறிதாயின் வைத்தியசாலையில் வைத்துக் கண்காணிப்பர். கடுமையாயின் மகவை விரைந்து வெளிக்கொணர்வர், வேண்டின் சத்திரசிகிச்சையால். சிலருக்குக் குருதி உறையுந் தன்மையே அற்றுப்போகும். அப்பொழுது பல பைகள் குருதி ஏற்ற நேரிடும். அஃது எவரோ ஒருவர் முன்னரே கொடுத்து வைத்ததாகவே இருத்தல் வேண்டும். 18 வயது நிரம்பி, 50 கிலோ நிறையும் உடல்நலமும் உடைய நம் பழைய மாணவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை குருதி வழங்கலாம்.