கறுத்த பேண்டும் வேலை செய்யாத கைனேஸும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் வெஸ்டர்ன் பிளாட் பற்றிய கடிதத்தில் ஒரு வரி என்னை விடவே இல்லை. “பாஸ்போ-ஈஆர்கே பேண்ட் நன்றாகக் கறுத்திருக்கிறது, ஆகவே செல்லில் ஈஆர்கே வேலை செய்கிறது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது, ஐயா?” என்று கேட்டிருக்கிறாய். சந்தேகப்பட நிறையவே இருக்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் இதே வாக்கியத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் வருகிறது.

உன் ஆன்டிபாடி பிடிப்பது ஈஆர்கே1 புரதத்தின் ஒரு சின்னத் துண்டை மட்டுமே: 202ஆம் இடத்துத் திரியோனினும் 204ஆம் இடத்து டைரோசினும் பாஸ்பேட் ஏறி நிற்கும் துண்டை. ஈஆர்கே2-இல் அதே துண்டு 185, 187ஆம் இடங்களில் இருக்கிறது. 44, 42 கிலோடால்டனில் உனக்கு இரண்டு பேண்ட் வருவது அதனால்தான். ஏடிபி வந்து அமரும் குழியில் என்ன நடக்கிறது என்பதை அந்த ஆன்டிபாடி அறியாது. யுலிக்ஸெர்டினிப் என்ற மருந்து அந்தக் குழியைத்தான் அடைக்கிறது. பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸான ஈஆர்கே முடங்குகிறது. ஈஆர்கே தனக்கு மேலே உள்ளவற்றுக்கு இட்டிருந்த கடிவாளமும் கூடவே தளர்வதால், ஈஆர்கே-யில் பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸான எம்ஈகே இன்னும் மும்முரமாக அதை ஏற்றுகிறது. விளைவு, பேண்ட் முன்னைவிடக் கறுக்கிறது. ஈஆர்கே பாஸ்பேட் ஏற்றவேண்டிய ஆர்எஸ்கே புரதத்திலோ பாஸ்பேட் குறைந்துபோகிறது. கைனேஸின் வேலையை அறிய வேண்டுமானால், அது தொட்டுவிட்டுப் போன புரதத்தைப் பார்க்க வேண்டும்.

கருவி எதைப் பிரித்துக் காட்டுகிறதோ அதை மட்டும்தான் நாம் காண்கிறோம். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் டோனி ஹன்டர். 1979இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில், பாலியோமா வைரஸின் புரதத்தில் பாஸ்பேட் எந்த அமினோ அமிலத்தில் ஏறுகிறது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். செரின், திரியோனின் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. அமினோ அமிலங்களைப் பிரிக்க அவர் புதிய பஃபர் கலக்காமல் பழையதையே திரும்பப் பயன்படுத்தினார். அதன் பிஹெச் 1.9இலிருந்து 1.7க்கு இறங்கியிருந்தது. 1.9இல் பாஸ்போதிரியோனினோடு ஒட்டியே நகரும் பாஸ்போடைரோசின், 1.7இல் தனிப் புள்ளியாக விலகி நின்றது. அத்தனை காலம் எத்தனை பேரின் கண்முன்னே அது திரியோனின் என்ற பெயரில் ஓடியிருக்கும்! இந்த வரலாற்றை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. செல்லின் பாஸ்பேட் கணக்கில் டைரோசினுக்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் புற்றுநோய் ஆராய்ச்சியையே அது திசைமாற்றியது. 1981இலேயே ராஸ், பால்டிமோர், ஐசன் மூவரும் பாஸ்போடைரோசினின் சாயலில் செய்த ஒரு செயற்கை வேதிப்பொருளைக் கொண்டு ஆன்டிபாடி தயாரித்துவிட்டார்கள். உன் குளிர்பெட்டியில் இருக்கும் குப்பி அந்த வழியில் வந்ததுதான்.

இனி உன் பிளாட். செல்லை உடைத்த கணமே பாஸ்பட்டேஸ்கள் பாஸ்பேட்டை வெட்டத் தொடங்கிவிடும். ஐஸும் வனடேட்டும் ஃபுளோரைடும் இல்லாமல் எடுத்த சாம்பிளில் பேண்ட் வரவில்லையென்றால், அதற்குப் பொருளே இல்லை. பிளாக் செய்யப் பால்பொடி வேண்டாம். பாலின் கேசினே பாஸ்பேட் சுமக்கும் புரதம். பிஎஸ்ஏ எடுத்துக்கொள்.

“கம்பெனியின் கேட்லாக்கில் படம் இருக்கிறதே” என்று மட்டும் சொல்லாதே. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 65 புரதங்களுக்கென்று விற்கப்பட்ட 614 ஆன்டிபாடிகளை, அந்தந்தப் புரதத்தின் ஜீன் நீக்கப்பட்ட செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்தது. தன் புரதத்தையே பிடிக்காத ஆன்டிபாடியைக் கொண்டு வெளிவந்த கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு! அவர்களில் எத்தனை பேர் கேட்லாக்கை நம்பியவர்களோ!

என்னைக் கேட்டால், பேண்ட் வரக்கூடாத லேன்தான் ஒரு பிளாட்டின் உயிர். எம்ஈகே-யைத் தடுக்கும் யு0126 கொடுத்த செல் ஒரு லேன்; லாம்டா பாஸ்பட்டேஸால் பாஸ்பேட்டை நீக்கிய சாம்பிள் ஒரு லேன். இரண்டிலும் உன் ஆன்டிபாடி வாய் திறக்கக் கூடாது; மொத்த ஈஆர்கே-யைக் காட்டும் ஆன்டிபாடியோ அதே லேன்களில் வழக்கம்போல் காட்டவேண்டும். இதைச் செய்யாமல் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டிய படத்தை இனி எனக்கு அனுப்பாதே. ஆர்எஸ்கே பிளாட்டையும் சேர்த்து, ஓரம் வெட்டாத முழுப் படமாக அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு உன் ஈஆர்கே வேலை செய்கிறதா என்று பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்