ஆகாய கங்கைக்கு எந்த ட்ரைபாட் தலை?

கேள்வி: கொல்லிமலை ஆகாய கங்கை அருவியைப் படமெடுக்க ட்ரைபாட் வாங்கப்போகிறேன். பால் ஹெட் நல்லதா, கைப்பிடிகள் வைத்த பான்-டில்ட் ஹெட்டா? எல்-பிராக்கெட் அவசியமா?

பதில்: அறப்பளீசுவரர் கோயில் பக்கமிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது ஒன்றும் தெரியாது. ஏறும்போதுதான் ஒவ்வொரு கிராமும் பேசும். எனவே என் ஓட்டு பால் ஹெட்டுக்கே. பான்-டில்ட் துல்லியமானதுதான், ஆனால் அதன் கைப்பிடிகள் பையில் அடங்காது. கேமராவும் லென்ஸும் 2 கிலோ என்றால் 5 கிலோவாவது தாங்குவதாகப் பாருங்கள். கடையிலேயே பூட்டிவிட்டு லென்ஸ் முனையை விரலால் அழுத்துங்கள். தலை மெல்லச் சாய்ந்தால் வேண்டாம்.

எல்-பிராக்கெட் கட்டாயம் வாங்குங்கள். சுமார் 300 அடி அருவிக்கு நெட்டுவாக்குப் படம்தான் எடுப்பீர்கள். பால் ஹெட்டைப் பக்கவாட்டில் கவிழ்த்தால் எடை ஒருபுறம் சேர்ந்து, நீண்ட எக்ஸ்போஷரில் கேமரா நழுவும். பிராக்கெட் இருந்தால் கேமராவைக் கழற்றி நிமிர்த்தி மாட்டினால் போதும். உங்கள் கேமரா மாடலுக்கென்றே செய்ததாக, ஆர்கா-சுவிஸ் வகைப் பிடிப்புள்ளதாக இருக்கட்டும். பொதுவானவை பேட்டரி மூடியை மறைத்துத் தொலைக்கும்.

மலைப்பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில், பிராக்கெட்டைக் கேமராவின் அடியில் பிடிக்கும் கால் அங்குலத் திருகு தளரலாம். மேலே போனதும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள்.